மெயின்டனன்ஸ் பாக்கிக்குத் தண்ணீரை நிறுத்தலாமா?

வணக்கம். வேளச்சேரியில் 36 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான சங்கம்; நான் செயலாளர். ஒரு வீட்டுக்காரர் ரொம்ப நாளாக மெயின்டனன்ஸ் கட்டவில்லை. மேல்வீட்டுக் குளியலறைக் கசிவால் அவர் படுக்கையறைச் சுவரில் பெயின்ட் உப்பி உரிகிறது. அதைச் சரிசெய்தால்தான் பணம் என்கிறார். அவர் பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. கமிட்டியில் சிலரோ தண்ணீரை நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தினால் வக்கீல் நோட்டீஸ் நமக்குத்தான் வரும் என்று தடுத்து வைத்திருக்கிறேன். (லிஃப்டில் பெயரை ஒட்டலாம் என்றும் ஒரு யோசனை வந்தது!)

முறைப்படி நோட்டீஸ் அனுப்பி வசூலித்தவர்கள் மாதிரி வாசகம் பகிர முடியுமா? கசிவுச் செலவு யாருடையது என்று உங்கள் பைலாவில் (சங்க விதிகளில்) எப்படி எழுதியிருக்கிறீர்கள்? அப்புறம், 2022 அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்கீழ் யாராவது சங்கத்தைப் பதிவு செய்திருக்கிறீர்களா? என்னென்ன ஆவணம் கேட்டார்கள்?