சைக்கிளைக் கோச்சியில் (ரயிலில்) ஏற்றிக்கொண்டு போனவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கோ

கொக்குவிலில் இருந்து

யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை மேடும் இல்லை, சைக்கிள்காரனை வாட்டுவது காற்று ஒன்றுதான். வைகாசியில் தொடங்குகிற சோளகம் புரட்டாதி மட்டும் தென்மேற்கிலிருந்து ஓயாமல் அடிக்கும், மார்கழி தையில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். வல்லை வெளியில் சோளகத்துக்கு எதிராக மிதித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதனால் தூரம் ஓட ஆசைப்படுகிற எல்லோருக்கும் நான் சொல்வது, காற்று எதிர்க்கிற பக்கத்துக்கு ரயிலில் போங்கோ, காற்றோடு சைக்கிளில் வாங்கோ. வாடைக் காலத்தில் காங்கேசன்துறையிலோ கொடிகாமத்திலோ பளையிலோ சைக்கிளை இறக்கிவிட்டு வீட்டை நோக்கி ஓடிவரலாம். சோளகத்தில் மறுவளம், விடியக் காலையில் கிழக்கே சைக்கிளில் போய் ரயிலில் திரும்ப வேண்டும். இப்படிச் செய்தால் நாற்பது கிலோமீற்றர் ஓடும் பழக்கம் இல்லாதவர்களும் பளையைப் பார்க்கலாம்.

எங்களில் பலருக்கு இது மனதில் வராததற்குக் காரணம் இருக்கிறது. போரால் 1990 இல் நின்ற ரயில் 2014 ஒக்ரோபரில்தான் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது. இடையில் வளர்ந்த ஒரு முழுத் தலைமுறைக்கு ரயில் என்றால் கொழும்புக்குப் போகிற விஷயம். சுன்னாகத்தில் ஏறிக் கொடிகாமத்தில் இறங்கலாம், இணுவிலில் ஏறி நாவற்குழியில் இறங்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. 2022 இல் எரிபொருள் இல்லாமல் தவித்த நேரத்தில் யாழ் ராணி என்ற ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான், கிளிநொச்சிக்கு வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்து எனக்கும் இந்த எண்ணம் வந்தது. அந்த வருஷம் ஊரே திரும்பச் சைக்கிளில் ஏறியது உங்களுக்கும் நினைவிருக்கும்.

சரி, ஏற்றுவது எப்படி? கொழும்பு ரயில்களில் பொதிகளுக்கென்று இடம் இருக்கும், பவர் செட்டில், அதாவது எஞ்சினும் பெட்டியும் ஒன்றாக இணைந்த ரயிலில், இடம் குறைவு. நான் நேரத்தோடு ஸ்ரேசனுக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, சைக்கிளுக்கும் பொதி ரிக்கெற் எடுத்துக்கொண்டு, ரயில் வந்ததும் நேரே கார்ட்டின் பெட்டிக்குப் போவேன். இடமிருந்தால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள், ஆனால் ரயில் நிற்கிற நேரம் மிகக் குறைவு. அதனால் கார்ட் பெட்டி எந்தப் பக்கம் வந்து நிற்கும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு அங்கே நில்லுங்கோ, பிளாற்போமில் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடுகிற வேலை வேண்டாம். உள்ளே வைத்த பிறகு முன்சில்லை ஒரு ரியூப் துண்டால் பாரோடு கட்டிவிட்டால் ஹாண்டில் திரும்பி மற்றவர்களின் சாமானில் முட்டாது. ஒருமுறை ஒரு கார்ட், சிங்களவர், நான் கட்டுவதைப் பார்த்துவிட்டுத் தன் மேசைக்குக் கீழே கிடந்த கயிற்றை எடுத்துத் தந்து, அரைகுறைத் தமிழில் "இது நல்லா இருக்கு" என்றார். அதற்குப் பிறகு அந்த ரயிலில் அவரைக் கண்டால் எனக்குச் சந்தோசம்.

வாடையில் எனக்குப் பிடித்த ஓட்டம் காங்கேசன்துறையிலிருந்துதான். இறங்கினால் முதலில் கீரிமலை. கேணிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு மதில்தான், அந்தப் பக்கம் உப்பு, இந்தப் பக்கம் நன்னீர். சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைத் தண்ணீர்தான் அங்கே ஊற்றாக வருகிறது. காலையில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு மாவிட்டபுரம் பக்கம் திரும்பினால் கூரையில்லாத வீடுகள் வரும், சுவருக்குள் ஆலமரம் வேர்விட்டு நிற்கும், பக்கத்து வளவிலேயே புதுக் கிணறும் புது வீடும் இருக்கும். இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாக விடப்பட்ட காணிகள் அவை. அங்கே நின்று படம் எடுப்பதென்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கோ.

தெல்லிப்பழையிலிருந்து பெரிய வீதியை விட்டுவிட்டு அளவெட்டி, கந்தரோடை என்று ஒழுங்கைகளால் வந்து பாருங்கோ. இரண்டு பக்கமும் செம்மண், வெங்காயம், வாழை, புகையிலை, இடையிடையே பனங்கூடல். மழை பெய்து காய்ந்த அடுத்த நாள் என்றால் செம்மண் ரயரில் அப்பி மட்கார்ட்டுக்குள் உருண்டை கட்டும், ஒரு ஈர்க்கால் தட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். அளவெட்டியில் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்த ஒரு ஐயா என்னை மறித்து, "தம்பி, எங்கையிருந்து வாறீர்?" என்று கேட்டார். கோச்சியில் காங்கேசன்துறைக்கு வந்து இப்படி ஓடி வருகிறேன் என்றேன். மண்வெட்டியை வரம்பில் குத்திவிட்டுக் கதைக்கத் தொடங்கியவர், பழைய காலத்தில் சுன்னாகம் ஸ்ரேசனுக்குச் சைக்கிள் கரியரில் வாழைக்குலை கட்டிக் கொண்டுபோய் இரவு மெயிலில் ஏற்றினதைச் சொன்னார். வாய்க்கால் நிரம்பி வழிகிற மட்டும் கதை. போகும்போது ஒரு சீப்பு கப்பல் பழம் தந்து காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த ஒழுங்கைகளில் பல, ரயில் பாதையைக் கேற் இல்லாமலே கடக்கின்றன. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு அங்கே ஓடாதேங்கோ. இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, உருட்டிக்கொண்டு கடவுங்கோ.

சுன்னாகத்தில் இருந்து

அண்ணை, பெண்களுக்கும் ஆகும் என்று எழுதத்தான் வந்தேன். நானும் என்னோடு படிப்பிக்கிற இன்னொரு ரீச்சரும் லேடீஸ் சைக்கிளோடு போவோம். பள்ளிக்கூடம், ரியூசன், கோயில் என்று சின்ன வயதிலிருந்து சைக்கிளில் திரிந்த எங்களுக்கு ஓடுவதில் பயமில்லை, பிளாற்போமில் இருந்து ஏற்றுவதுதான் கஷ்டம். சைக்கிள் பாரம், பெட்டியின் படி உயரம். ஒரு ஸ்ரேசனில், பெயர் வேண்டாம், "பொம்பிளையளுக்கு ஏன் இந்த வேலை" என்று ஒருவர் கேட்டுவிட்டு ரிக்கெற் எழுதாமல் இழுத்தடித்தார், கண்ணுக்கு முன்னால் ரயில் போய்விட்டது. அடுத்த முறை வேறொருவர் இருந்தார், எங்களிடம் விவரம் கேட்டு உடனே எழுதித் தந்து, ஏற்றுவதற்கும் ஒரு பெடியனைக் கூப்பிட்டுவிட்டார். ஆளைப் பொறுத்து மாறாமல், சைக்கிள் கொண்டு போகலாமா, எவ்வளவு கட்டணம் என்று ஒவ்வொரு ஸ்ரேசனிலும் தமிழில் ஒரு பலகை இருந்தால் போதும். இதைச் சேர்ந்து எழுதிக் கேட்போமா?

எங்கள் ஓட்டம் கொடிகாமத்தில் இறங்கி வரணி, முள்ளி வழியாக வல்லிபுரம். முள்ளியில் பாலத்தைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் தண்ணீர், நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவிட்டுக்கொண்டு நிற்கும். வல்லிபுர ஆழ்வாரைக் கும்பிட்டுவிட்டு அப்புறம் மணற்காட்டுக்குப் போனோம். மணலுக்குள் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள் மட்டும் நிற்கின்றன, அங்காலே சவுக்கங்காடு. அந்த மணலில் ஓட முடியாது, தூக்கத்தான் வேண்டும். நிழலில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "கோச்சியிலயோ பிள்ளையள்?" என்று வியந்துபோய், சைக்கிள் இரண்டையும் தன் வளவுக்குள் விடச் சொன்னார். பூட்டக்கூட விடவில்லை. சோளகத்தில் வடக்கே போவது சுகம், திரும்பக் கொடிகாமத்துக்கு வருவதுதான் பாடு. பின்னேர ரயிலுக்கு நல்ல நேரம் விட்டு வெளிக்கிடுங்கோ.

மிருசுவிலில் இருந்து

தம்பி, தங்கச்சி, இரண்டு பேருக்கும் நன்றி. எழுதுமட்டுவாளில் இறங்கிக் கிளாலிக்குப் போகலாம் என்று யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். கிட்டத்தான், காலாறப் போகலாம்.

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 1990களின் முற்பகுதியில், குடாநாட்டுக்குப் போய்வரும் வழிகளான ஆனையிறவும் பூநகரியும் போரால் அடைபட்டுக் கிடந்தபோது, குடாநாட்டுச் சனம் வெளியே போய் வந்தது கிளாலிக் கடலால்தான். இரவில், விளக்கில்லாமல். கடற்படை சுட்டுச் செத்தவர்கள் பலர். படகில் ஆட்களோடு சைக்கிளும் ஏறும், ஏனென்றால் அக்கரையில் இறங்கினால் அதுதான் வாகனம். என்னுடைய சைக்கிளின் பெடலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சட்டத்தைப் படகின் விளிம்போடு கட்டித்தான் போனேன். போன வருஷம் பேரனோடு அந்தக் கரைக்குப் போனபோது பெடியள் இறால் கூடு வைத்துக்கொண்டு நின்றார்கள். எங்கே இருந்து படகு வெளிக்கிட்டது என்று ஒருவன் கேட்டான். காட்டினேன். தன் தாய் வயிற்றில் தன் தமையனோடு அதே இடத்தால் போனவ என்று சொன்னான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தத் துறையைப் பற்றியே கதைத்தோம், எந்தப் பக்கம் ஆழம், எந்தப் பக்கம் சேறு என்று அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆனால் பிள்ளைகளே, முகமாலை, கிளாலிப் பக்கம் கண்ணிவெடி மிக அதிகமாகப் புதைக்கப்பட்ட இடம், அகற்றும் வேலை வருஷக்கணக்காக நடக்கிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் அங்காலே ஒரு அடி வைக்கக் கூடாது. பலகை இல்லாத இடத்திலும் சனம் புழங்குகிற வீதியை விட்டு இறங்காதேங்கோ, பனங்காய் பொறுக்கவும் வேண்டாம், ஒதுங்கப் போகவும் வேண்டாம். போகும் முன் சந்திக் கடையில் கேட்டால் எந்தப் பாதை பாவிக்கிறது என்று சொல்லுவார்கள். தண்ணீர் போதுமான அளவு கொண்டுபோங்கோ, அந்த வெளியில் நிழலே இல்லை.

கொக்குவிலில் இருந்து

ஐயா, கிளாலிக்கு வாற வாடையில் கட்டாயம் வாறேன், முடிந்தால் நீங்களும் கூட வாங்கோ. தங்கச்சி, பலகை விஷயத்துக்குக் கடிதம் நான் எழுதித் தாறேன். எந்தெந்த ஸ்ரேசனில் சைக்கிள் ஏற்றினீர்கள், என்ன சொன்னார்கள் என்று இங்கே மற்றவர்களும் போட்டால் அதையும் சேர்க்கலாம். நாவற்குழி, சாவகச்சேரி, பரந்தன் பக்கம் ஏற்றினவர்கள் யாராவது இருக்கிறீர்களா?