க்யூ, என்ட்ரி மாதிரி நாடக மேடைல புழங்குற வார்த்தைங்க உங்களுக்கு எங்க பிடிபட்டுச்சு? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

டீச்சரம்மா:
ஒன்பதாம் கிளாஸ் பசங்கள வச்சு ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுறோம். பாத்திரம், உரையாடல், காட்சி, முரண்னு போர்டுல எழுதிப் போட்டா அழகா நோட்டுல எழுதிக்கறாங்க, ஆனா மேடை ஏறினதும் ஆடியன்ஸுக்கு முதுகக் காட்டிட்டு நிக்கறாங்க. அதனால இந்தத் தடவ கிளாஸ் தரையிலயே சாக்பீஸால மேடை வரைஞ்சுட்டேன். லெஃப்ட் ரைட்டுன்னா ஆடியன்ஸைப் பாத்து நிக்கற நடிகரோட லெஃப்ட் ரைட்டு, பாக்கறவங்களோடது இல்ல. பின்பக்கம் அப்ஸ்டேஜ், முன்பக்கம் டவுன்ஸ்டேஜ், ஏன்னா பழைய ஐரோப்பிய மேடைங்க நெசமாவே பின்னாடி மேடா, ஆடியன்ஸ் பக்கம் சரிவா இருக்கும். "அப்ப பந்து வச்சா உருளுமா மிஸ்"னு ஒருத்தன் கேட்டான். உருளும்டா!

க்யூ, அதாவது நம்ம டயலாக்க ஆரம்பிக்கறதுக்கு அடையாளமா எதிராளி சொல்ற கடைசி வார்த்தை, அதுதான் பெரும்பாடு. அவனவன் டயலாக்க மட்டும் உருப்போட்டுட்டு வர்றான், எதிர்ல நிக்கறவன் என்ன சொல்லி முடிப்பான்னு கேட்டா முழிக்கறான், அதப் பிடிச்சுதானே இவன் பேசவே ஆரம்பிக்கணும்.

ஆர்மோனியப் பேரன்:
மிஸ், எங்க தாத்தா ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிச்சவர், புதுக்கோட்டை பக்கம். அங்க ரிகர்சலே கிடையாது. ராஜபார்ட் (நாயகன் வேஷம்) ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் (நாயகி வேஷம்) ஒரு ஊரு, பபூன் (கோமாளி) வேற ஊரு, தனித்தனியா பேசி அட்வான்ஸ் குடுத்திருப்பாங்க, எல்லாரும் பஸ் ஏறி வந்து அன்னிக்கு ராத்திரிதான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்பாங்க. வள்ளி திருமணம்னா போதும், சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பாட்டு எல்லாருக்கும் தொண்டைலயே இருக்கும். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் ஆரம்பிச்சா எப்ப முடியும்னு அவங்களுக்கே தெரியாது, ஒருத்தர் மடக்க இன்னொருத்தர் பதில் சொல்ல, ஜனம் விசிலடிக்க அப்படியே நீளும். க்யூன்னு ஒரு வார்த்தைய தாத்தா வாயால நான் கேட்டதே இல்ல, ஆனா பாட்டோட கடைசி அடிய வள்ளியா நடிக்கற அம்மா இழுக்கற இழுப்புலயே அடுத்த பாட்டுக்கு விரல் போயிடும். காட்சி மாறணும்னா தர்பார் படம் வரைஞ்ச படுதாவ (பின்திரைய) சுருட்டிட்டு காட்டுப் படுதாவ இறக்க வேண்டியதுதான், முடிஞ்சது செட் சேஞ்ச். பசங்ககிட்ட எதிராளி டயலாக்கயும் மாத்தி மாத்திப் பேசச் சொல்லிப் பாருங்க, க்யூ தானா வரும்.

செய்யாத்துக்காரன்:
எங்க பக்கம் தெருக்கூத்து. என்ட்ரின்னா என்னன்னு பசங்களுக்குக் காட்டணும்னா துரியோதனன் திரை வரவு ஒண்ணு காட்டுனா போதும். ரெண்டு பேரு ஆளுக்கொரு முனையா துணிய புடிச்சு நிப்பாங்க, பின்னாடி கிரீடத்தோட நுனி மட்டும் தெரியும், சலங்கை குலுங்கும், முகவீணைன்ற ஊதுற வாத்தியத்தோட சத்தம் ஏறும், அவரு உள்ள இருந்தே பாடி ஆடிட்டு இருப்பாரு, நமக்கு இன்னும் மூஞ்சி தெரியாது. கூத்தோட கோமாளியும் கதை சொல்றவனுமான கட்டியக்காரன் வெளிய நின்னு நீ யாரு எந்த ஊருன்னு வாயக் கிளறுவான். திரை விலகும்போது தூங்குற குழந்தையெல்லாம் எந்திரிச்சிடும்.

அதே கட்டியக்காரன் நடுவுல எங்க ஊரு ரோடு குண்டும் குழியுமா கிடக்கறத நக்கல் பண்ணிட்டு, சட்டுனு அஸ்தினாபுரம் அரண்மனைக்குள்ள போயிடுவான். காலேஜ்ல நாலாவது சுவர உடைக்கறதுன்னு, அதாவது மேடைக்கும் ஆடியன்ஸுக்கும் நடுவுல இருக்கறதா நினைச்சுக்கற சுவர மீறி நடிகர் நேரா ஜனத்துகிட்ட பேசறதப் பத்தி, ஒரு முழு பீரியட் எடுத்தாங்க. எங்க கூத்துக் களரில (ஆடுற இடத்துல) சுவரே கிடையாதே, மூணு பக்கமும் ஜனம் உக்காந்திருக்கு.

தமிழ் எம்.ஏ:
சாக்பீஸ் மேடைன்னதும் சிலப்பதிகாரம் ஞாபகம் வந்துச்சு. மாதவி அரங்கேற்றத்துக்கு மேடை அளவே குடுத்திருக்கு, 8 கோல் நீளம், 7 கோல் அகலம், 1 கோல் உயரம், ஒரு கோலுக்கு 24 விரல். விரலுக்கு முக்கால் இஞ்ச்னு வச்சா 12 அடிக்கு பத்தரை அடி, உங்க கிளாஸ்லயே வரையலாம். பக்கத்துலேர்ந்து வர்ற திரை, ரெண்டு பக்கமும் வந்து சேர்ற திரை, மேலேர்ந்து இறங்குற திரைன்னு மூணு தினுசு. தூண் நிழல் மேடைல விழாத மாதிரி விளக்கு வைக்கணுமாம், லைட்டிங் பத்தி இதுக்கு மேல என்ன சொல்ல.

டீச்சரம்மா:
எங்க ஹால்ல டியூப்லைட்டு தான் தம்பி, தூணும் நடு மேடைலயே நிக்குது. ஃபோகஸ் லைட் ரெண்டு ஒரு நாள் வாடகைக்கு எவ்வளவு ஆகும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. திரை புடிக்க ரெண்டு பசங்க இப்பவே சண்டை போட்டுட்டு இருக்காங்க.