மரியன் ஆண்டர்சனை ஓபரா பாடகி என்று சொல்லலாமா?

கீழ்ஸ்தாயி:
அமெரிக்கக் கருப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனை ‘ஓபரா மேதை’, அதாவது மேற்கத்திய இசைநாடக மேதை, என்று ஒரு கட்டுரை புகழ்ந்திருந்தது. எனக்கு ஒப்பவில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் அவர் முதன்முதலாகப் பாடியது 1955 ஜனவரி 7இல். அப்போது வயது 57. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ‘உன் பல்லோ இன் மாஸ்கெரா’ ஓபராவில் குறிசொல்லும் உல்ரிகா வேடம்; ஒரே காட்சியில் வந்து போகிறவள். மேடையில் அவர் ஏற்ற ஓபரா வேடம் அது ஒன்றுதான். மற்றபடி அவர் கச்சேரிப் பாடகி. 1935இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் இசை நடத்துநர் டோஸ்கனினி, நூறாண்டுக்கு ஒருமுறை கேட்கக் கிடைக்கும் சாரீரம் என்று வியந்ததும் கச்சேரியைக் கேட்டுத்தான். இருக்கிற பெருமை போதாதா?

மாடிவரிசை:
ஓபராப் பெருமை அவருக்கு இல்லாமல் போகவில்லை ஐயா, பறிக்கப்பட்டது. 1925இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு நடத்திய போட்டியில் வென்றவர் அவர். அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகள் மெட்ரோபாலிட்டன் கதவு திறக்கவில்லை. அதுவரை கருப்பினத்தவர் யாரும் அங்கே முக்கிய வேடத்தில் பாடியதில்லை. 1939இல் வாஷிங்டன் கான்ஸ்டிட்யூஷன் ஹாலை அவருக்குத் தர ‘அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்’ அமைப்பு மறுத்தது; அதனால் அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அவ்வமைப்பிலிருந்தே விலகினார். அந்த ஏப்ரல் 9இல் லிங்கன் நினைவகப் படிகளில் நின்று சுமார் 75,000 பேர் முன்னிலையில் பாடினாரே, இரண்டாவதாகப் பாடியது என்ன தெரியுமா? டோனிசெட்டியின் ‘லா ஃபாவோரிட்டா’ ஓபராவிலிருந்து ஓர் ஆரியா, அதாவது தனிப்பாடல்! ஓபரா அவருக்கு அந்நியம் என்பது போல எழுதாதீர்கள்.

மூன்றாம் ஸ்வரம்:
இருவருமே அவருடைய விருப்பத்தை மறந்துவிட்டீர்கள். ரஷ்யாவுக்குப் பாடப் போனபோது நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி அவரை ‘கார்மென்’ ஓபரா பயில அழைத்தார். பெரிய ஆள், பெரிய வாய்ப்பு. அவர் தள்ளிப்போட்டார், 1938இல் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி காலமானார். ஓபராவுக்காக உயிரை விடுகிற பாடகி அப்படித் தள்ளிப்போடுவாரா? கண்களை மூடி, நின்ற இடத்தில் அசையாமல் பாடியே அரங்கை ஆண்டவர் அவர். 1935 டிசம்பரில் நியூயார்க் டவுன் ஹாலில் முறிந்த காலோடு பாடினார். மாவுக்கட்டை நீண்ட கவுன் மறைத்திருந்தது. திரை விலகும்போதே பியானோவை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். இத்தகையவருக்கு வேடமும் நடிப்பும் எதற்கு?

மாடிவரிசை:
எதற்கு என்பதை அவர் முடிவு செய்திருக்க வேண்டும், மெட்ரோபாலிட்டன் நிர்வாகம் அல்ல. ரஷ்ய வாய்ப்பைத் தள்ளிப்போட்டதையும் சொந்த நாட்டின் முதன்மை ஓபரா அரங்கு முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள்.

கீழ்ஸ்தாயி:
அநீதி நடந்தது என்பதை மறுக்கவே இல்லை. என் கேள்வி பாட்டைப் பற்றியது. அந்த 1955 பதிவைக் கேளுங்கள். தாழ்ஸ்தாயியில் அந்த இருட்டு நிறம் இன்னும் மிச்சமிருக்கிறது. மேலே போகும்போது குரல் ஆடுகிறது. 1930களில் அவர் பாடி வந்த ஷூபர்ட், சிபேலியஸ் என்ற இசையமைப்பாளர்களின் பாடல் பதிவுகளோடு ஒப்பிட்டால் மனம் கனத்துப்போகும். இதைப் போய் உச்சம் என்று சொன்னால் அவருடைய உண்மையான உச்சத்தை யாரும் தேடிக் கேட்க மாட்டார்கள். எனக்கு இருக்கும் கோபம் அதுதான்.

பக்கவாத்தியம்:
வேடத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! கதை பாஸ்டனில் நடப்பதாக எழுதப்பட்ட வடிவத்தில் உல்ரிகா ஒரு கருப்பினக் குறிசொல்லி. நீதிபதி அவளுடைய இரத்தத்தையே இழிவாகப் பேசுகிறார். அதே மாதம் மெட்ரோபாலிட்டனில் அறிமுகமான கருப்பினப் பாடகர் ராபர்ட் மெக்ஃபெரினுக்குக் கிடைத்ததோ ‘ஐடா’ ஓபராவில் எத்தியோப்பிய மன்னன் அமோனாஸ்ரோ. கதவைத் திறந்தார்கள், சரி. எந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள் என்று பாருங்கள்.

மூன்றாம் ஸ்வரம்:
அதிகம் இழுக்கிறீர்கள். அழைத்தவர் மெட்ரோபாலிட்டன் நிர்வாகி ருடால்ஃப் பிங். 1951இலேயே கருப்பின நடனக்கலைஞர் ஜேனட் காலின்ஸை அங்கே நடனமாட வைத்தவர். கான்ட்ரால்டோ எனும் மிகத் தாழ்ந்த பெண்குரலுக்கு உல்ரிகா இயல்பான தேர்வு. வெள்ளையினப் பாடகிகளும் அதைத்தான் பாடினார்கள். மறு ஆண்டே, 1956 நவம்பரில், கருப்பினப் பாடகி மட்டிவில்டா டாப்ஸ் அதே மேடையில் ‘ரிகோலெட்டோ’வின் கில்டாவாகப் பாடினார். அதில் தோலின் நிறத்துக்கு என்ன வேலை?

பக்கவாத்தியம்:
டாப்ஸுக்கு அப்போது 31 வயது. குரல் மலர்ந்திருந்த நேரம். ஆண்டர்சனுக்கு அந்த வயது இருந்தபோது அம்னேரிஸ், அசுசேனா, டெலைலா போன்ற பெரிய ஓபரா வேடங்கள் எல்லாம் அவருடைய குரலுக்காகக் காத்திருந்தன. ஒன்றையும் அவர் மேடையில் பாடவில்லை. ‘ஓபரா பாடகி’ பட்டம் வேண்டுமா வேண்டாமா என்று நீங்கள் இருவரும் அடித்துக்கொள்ளுங்கள். அவர் குரலில் ஒரு முழு அம்னேரிஸ் பதிவு ஏன் இல்லை என்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கீழ்ஸ்தாயி:
அதற்கு பதில் மாடிவரிசை முன்பே சொல்லிவிட்டார். அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பட்டத்தை இப்போது கொடுத்தால் மெட்ரோபாலிட்டனின் கணக்குத்தான் நேராகும்.