"28 இருக்கா அண்ணே?": ரோடு பைக் டயர் அகலம், பட்ட அனுபவங்கள்

காலை நாலு மணி (சென்னை)

ரோடு பைக்கில் (தார்ச்சாலையில் வேகமாக ஓட்டுகிற மெல்லிய டயர் சைக்கிள்) எத்தனை மி.மீ. அகல டயர் ஓட்டுகிறீர்கள், அந்த அளவுக்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்று சொல்லுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் ரோடு பைக் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 23 டயர். விற்றவர், "120 பிஎஸ்ஐ அடிங்க சார், அப்பதான் ஓடும்" என்றார். பிஎஸ்ஐ என்பது காற்றழுத்த அளவு. அடித்தேன். கட்டைவிரலால் அழுத்தினால் கருங்கல் மாதிரி இருக்கும். வீட்டிலிருந்து ஈசிஆரில் கோவளம் தாண்டிப் போய்த் திரும்பினால் 60 கி.மீ. வந்து காபி டம்ளரைப் பிடித்தால் விரல் மரத்துக் கிடக்கும். வேகம் வேண்டுமென்றால் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று இரண்டு வருடம் ஓட்டினேன்.

அப்புறம் முன் டயர் தேய்ந்துபோனது. கடையில் 23 இல்லை, 25-உம் 28-உம்தான் இருந்தன. இரண்டு சக்கரத்துக்கும் 28 போடச் சொன்னேன். முன்னால் சரியாக உட்கார்ந்தது. பின்னால் போட்டுச் சுற்றினால் பிரேக்குக்கு அடியில் 'சர்ர்' என்று உரசல். ரிம்மை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பழைய காலிப்பர் பிரேக், இடமே இல்லை. கடைக்காரர் கழற்றிவிட்டு 25 போட்டுக் கொடுத்தார். முன்னால் 28, பின்னால் 25. இன்றுவரை அப்படியேதான் ஓடுகிறது.

வேடிக்கை இனிமேல்தான். முதல் நாள் அதே பாதையில் போய்விட்டு வந்து மீட்டரைப் பார்த்தால் 60-க்குப் பதில் 58.9. சராசரி வேகமும் குறைந்திருந்தது. "அகல டயர் இழுக்கிறது, ஏமாந்துவிட்டோம்" என்று ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது: என் மீட்டர் முன் சக்கரம் சுற்றுவதை எண்ணித் தூரம் கணக்குப் போடுகிற பழைய வகை. 23 டயருக்குச் சுற்றளவு 2096 மி.மீ. என்று வைத்திருந்தேன். 28-க்கு அது 2136. சக்கரம் பெரிதாகிவிட்டது, மீட்டருக்குத் தெரியவில்லை. எண்ணை மாற்றினேன், வேகம் பழையபடி வந்துவிட்டது. விரல் மட்டும் மரக்கவில்லை.

வழவழப்பான உருளையில் வைத்துச் சோதித்தால் காற்று கூடக் கூட டயர் லேசாக உருளும் என்பது உண்மைதான். ஆனால் நம் தார்ச்சாலை உருளை இல்லையே. கல் போன்ற டயர் ஒவ்வொரு ஜல்லிக்கும் வண்டியைத் தூக்கிப் போடுகிறது. மிதிக்கிற தெம்பில் ஒரு பங்கு அந்தக் குலுக்கலில், நம் உடம்புக்குள்ளேயே போய்விடுகிறது. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஓட்டுகிறவர்களே இப்போது 28, 30 என்று வந்துவிட்டார்கள். என் எடை 74 கிலோ. முன்னால் 70, பின்னால் 85 பிஎஸ்ஐ. உங்களுடையது?

94 கிலோ (திருச்சி)

பெயரிலேயே எடையைச் சொல்லிவிட்டேன். 23 டயரில் நான் ஓட்டிய ஆறு மாதத்தில் மாற்றிய டியூபுக்குக் கணக்கே கிடையாது. பெயின்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கர் ஒன்று போதும். 'டங்' என்று ரிம்மில் இடிக்கும், அடுத்த நிமிடம் பின் சக்கரம் சப்பை. டியூபைக் கழற்றிப் பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்பு கடித்த மாதிரி. ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் டியூப் நசுங்கினால் இப்படித்தான் ஆகும். ஆணியோ கம்பியோ குத்தினால் பெரும்பாலும் ஒரு ஓட்டைதான். இந்த வித்தியாசம் தெரியாமல் நான் பாட்டுக்கு டயரில் முள் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அகலம் கொஞ்சம் கூடினாலே உள்ளே காற்றுக்கான இடம் நிறையக் கூடிவிடுகிறது. அகலத்தின் வர்க்கத்தில் ஏறுகிற கணக்கு அது: 23-இலிருந்து 28-க்குப் போனால் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. இப்போது டிஸ்க் பிரேக் வண்டி, 32 டயர், பின்னால் 75, முன்னால் 65. சைக்கிள் தொழில்நுட்பம் பற்றி எழுதிய ஃபிராங்க் பெர்ட்டோ சொன்ன 15 சதவீதக் கணக்கை வைத்துதான் ஆரம்பித்தேன்: நாம் ஏறி உட்காரும்போது டயரின் உயரம் 15 சதவீதம் அமுங்கும் அளவுக்குக் காற்று. அங்கிருந்து என் கைக்கும் இடுப்புக்கும் தோதாகக் கொஞ்சம் ஏற்றி இறக்கிக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். 32 போட்ட தைரியத்தில் இரண்டு வாரம் காற்றே பார்க்காமல் ஓட்டி, மறுபடியும் அதே பாம்புக் கடி வாங்கினேன்.

கொல்லிமலை இறக்கம் (கோவை)

எல்லாரும் 28, 32 என்கிறீர்கள். நான் 25-தான், மாற்றுகிற எண்ணமும் இல்லை. காரணம், என் எடை 51 கிலோ.

போன வண்டியில் குறுகலான ரிம். இப்போதைய ரிம்முக்கு உள் அகலம் 21 மி.மீ. அதே 25 டயரை இதில் மாட்டி வெர்னியர் வைத்து அளந்தேன். 27-ஐத் தாண்டியது! டயரின் பக்கத்தில் அச்சடித்திருப்பது ஒரு பேச்சுக்குத்தான். ரிம் அகலமானால் டயரும் விரிந்து உட்காரும். நான் 25 என்று சொல்லிக்கொண்டு ஓட்டுவது உண்மையில் 27. ஆகவே நாலு மணி அண்ணா, பின்னால் 28 போடப் பார்க்கிறீர்கள் என்றால் பெட்டியில் இருக்கிற எண்ணை நம்பாதீர்கள். மாட்டி, காற்றடித்து, அப்புறம் அளந்து பாருங்கள். சுற்றிலும் நாலு மி.மீ. இடைவெளியாவது வேண்டும். மழையில் சேறு ஒட்டிக்கொண்டு வந்து அடைத்துக்கொண்டால் தெரியும்.

காற்று விஷயத்தில் நானும் ஏமாந்தவள்தான். குழுவில் 80 கிலோக்காரர் ஒருவர் 95 அடிக்கிறார் என்று நானும் 95 அடித்துக்கொண்டு, கொல்லிமலையில் 70 கொண்டை ஊசியும் தூறலில் இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் பின் சக்கரம் தடதடவென்று குதித்து, ரோட்டைப் பிடிக்கவே இல்லை. பிரேக் பிடித்துப் பிடித்து உள்ளங்கை எரிந்தது. அடுத்த தடவை 65-இல் இறங்கினேன். அதே டயர், அதே ரோடு, அதே மாதிரி ஈரம், ஆனால் வண்டி தண்டவாளத்தில் போகிற மாதிரி வந்தது. 200 கி.மீ. பிரெவேக்கு (கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) 13 மணி 30 நிமிடம் தருவார்கள். அதையும் இதே 25-இல்தான் நேரத்துக்குள் முடிக்கிறேன்.

ஹூக்லெஸ் ரிம் (டயரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி விளிம்பு இல்லாதது) வைத்திருப்பவர்கள் மட்டும் என்னைப் பார்த்து 25 போட்டுவிடாதீர்கள். அதில் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ-க்கு மேல் அடிக்கக் கூடாது. உள் அகலம் 25 மி.மீ. இருந்தால் 29-க்குக் குறைந்த டயர் மாட்டவும் கூடாது.

முள்ளுக்காட்டான் (ராமநாதபுரம்)

எங்கள் ஊருக்கு வந்துவிட்டு அகலத்தைப் பற்றிப் பேசுங்கள். சீமைக்கருவேல முள் 23-ஐயும் குத்தும், 32-ஐயும் குத்தும், புல்லட் டயரையும் குத்தும். அகல டயரைக் கேட்டால், நிறைய முள்ளைப் பொறுக்கிக்கொண்டு வரும், அவ்வளவுதான். கடைசியில் டியூப் இல்லாத 32 ட்யூப்லெஸ் போட்டு, உள்ளே ஓட்டையைத் தானே அடைக்கிற சீலன்ட் திரவத்தை ஊற்றிவிட்டேன். இந்த வெயிலில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி ஊற்ற வேண்டியிருக்கிறது, உள்ளே ரப்பர் பால் உறைந்த மாதிரி ஆகிவிடுகிறது. ஆனாலும் முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

டொக் டொக் (விழுப்புரம்)

என்னுடையது 28. அதில் குறை ஒன்றும் இல்லை. அந்த எண்ணால் நான் பட்டதைச் சொல்கிறேன்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போய்க்கொண்டிருந்தேன். செஞ்சி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாட்டில் கண்ணாடி ஒன்று பின் டயரைப் பக்கவாட்டில் கிழித்துவிட்டது. டியூப் வெளியே பிதுங்குகிறது. கையில் டியூப் இருக்கிறது, டயர் இல்லை. தள்ளிக்கொண்டே போனால் புளியமரத்தடியில் ஒரு பஞ்சர் கடை. பெரியவர் ஒருவர் தண்ணீர்த் தட்டில் டியூபை முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார்.

"28 இருக்கா அண்ணே?"

"இருக்கே" என்று உள்ளே போனார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தூசி தட்டி எடுத்து வந்து கொடுத்தார். பால்காரர்கள் ஓட்டுவார்களே, அந்தப் பெரிய சைக்கிளின் டயர். 28 × 1½ என்று எழுதியிருந்தது. அவர் சொன்னது அங்குலம், நான் கேட்டது மி.மீ.!

"பரவால்ல, போட்டுப் பாப்போம்" என்றார். போட்டால் ரிம்மில் வளையல் மாதிரி ஆடுகிறது. ரிம்மில் டயர் உட்காருகிற இடத்தின் விட்டம் நம் ரோடு பைக்கின் 700சி சக்கரத்துக்கு 622 மி.மீ., அந்தச் சைக்கிளுக்கு 635. ஓரத்தில் பொடி எழுத்தில் 40-635 என்று இருந்ததை அன்றைக்குத்தான் கவனித்துப் படித்தேன். என் டயரில் 28-622. முதல் எண் அகலம், இரண்டாவது விட்டம். வாங்கிய நாளிலிருந்து கண்ணெதிரே இருந்திருக்கிறது.

பெரியவர் என் வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல வால்டியூப் எங்க?" ரோடு பைக்கின் மெல்லிய பிரெஸ்டா வால்வ் அவர் பம்புக்குச் சேராது, நல்லவேளை என் கைப்பம்பு இருந்தது. பழைய டயர் ஒன்றிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஓரத்தைக் கத்தியால் சீவி மெலிதாக்கி, கிழிசலுக்கு உள்பக்கம் வைத்து, மேலே புது டியூபைப் போட்டார். 60 பிஎஸ்ஐ-க்கு மேல் அடிக்க எனக்குத் துணிவில்லை. முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். திருவண்ணாமலை வரை சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'டொக்' என்றது.

காலை நாலு மணி (சென்னை)

வெர்னியர் யோசனைக்கு நன்றிம்மா. என் பின் பிரேக்கில் அளந்துவிட்டேன், 25-க்கே மூன்று மி.மீ.தான் இருக்கிறது. 28 ஆசையை விட்டாயிற்று.

செஞ்சிக் கடை சாலையின் எந்தப் பக்கம்? அடுத்த மாதம் அந்த வழியாகப் போகிறேன்.

டொக் டொக் (விழுப்புரம்)

திருவண்ணாமலை போகும்போது வலப்பக்கம். 28 என்று மட்டும் கேட்காதீர்கள், அந்த டயர் இன்னும் விற்றிருக்காது.