மறு: கன்ட்ரோல் பேனலுக்கு முதன்முதலாகக் கரண்ட் விடுமுன் பார்க்கும் வேலைக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன்: வெள்ளோட்டம், முன்னியக்கச் சோதனை, மின்னேற்றமுன் சோதனை, மின்னில்லா ஆய்வு. கன்ட்ரோல் பேனல் (ஆலையின் மோட்டார்களை இயக்கி நிறுத்தும் மின்பெட்டி) செய்து, ஆலைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, ஓடவிட்டுக் கொடுப்பது என் தொழில். நாம் முடிவு செய்யும் சொல் எங்கள் பணித்தாளின் தலைப்பில் அச்சாகப் போகிறது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேனல் கதவைத் திறக்கும் பையன் அந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொள்வான் என்ற ஒரே கவலையோடு இதை எழுதுகிறேன்.

> வெள்ளோட்டம் என்று அழகான சொல் இருக்கும்போது புதிதாக ஏன் ஆக்க வேண்டும்?

எனக்கும் பிடித்த சொல்தான். திருவிழாவுக்கு முன் தேரை இழுத்துப் பார்ப்பது வெள்ளோட்டம். தேர் அங்கே ஓடிவிடுகிறது. மோட்டாரை லோடு இல்லாமல் சுற்றவிட்டு, எந்தப் பக்கம் சுற்றுகிறது, எவ்வளவு ஆம்பியர் எடுக்கிறது என்று பார்ப்பதற்கு இந்தச் சொல்லை வைத்துக்கொள்வோம். நாம் பெயர் தேடும் வேலை அதற்கும் முந்தையது. அந்த நேரத்தில் எதுவும் ஓடக் கூடாது.

முன்னியக்கச் சோதனை என்பதிலும் இதே சிக்கல். எங்கள் தளத்தில் சோதனை என்று சொன்னால் ‘போட்டுப் பார்’ என்றுதான் அர்த்தம். தாளின் தலைப்பே அப்படிச் சொன்னால் முதலில் கை ஸ்விட்சுக்குத்தான் போகும். மின்னேற்றம் என்பது பேட்டரிக்கும் செல்போனுக்கும் பழகிவிட்டது. இலங்கைப் பாடநூல்களில் அது வேறொரு இயற்பியல் அளவுக்கே பெயர். அதையும் விட்டுவிடலாம்.

> மின்னில்லா ஆய்வு என்றால் பேனலில் மின்சாரம் இல்லாதபோது செய்வது என்று தெளிவாக விளங்குமே?

இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கேட்க மிக நன்றாக இருக்கிறது, அதனால்தான் இதற்கு அஞ்சுகிறேன். இன்கமருக்கு (மெயின் மின்சாரம் உள்ளே வரும் ஸ்விட்ச்) இன்னும் கேபிளே கட்டாத புதுப் பேனலில்கூட உள்ளே மின்சாரம் இருக்கலாம். ஸ்பேஸ் ஹீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி, எண்ணூர் போன்ற உப்புக்காற்று ஊர்களில் பேனல் வந்து இறங்கியதுமே, உள்ளே ஈரம் படியாமலிருக்க ஹீட்டருக்கு மட்டும் தனியாக 230 வோல்ட் கொடுத்துவிடுவார்கள். மெயின் ஸ்விட்ச் ஆஃபில் இருந்தாலும் அந்த டெர்மினலில் (வயர் மாட்டும் முனை) உயிர், அதாவது மின்சாரம், இருக்கும். அடுத்தது இன்டர்லாக் வயர்கள், அதாவது ஒன்றின் ஓட்டத்தைப் பொறுத்து இன்னொன்றைத் தடுக்கவோ விடவோ செய்யும் இணைப்புகள். பக்கத்துப் பேனல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அங்கிருந்து வரும் கன்ட்ரோல் வோல்டேஜ் நம் டெர்மினல் வரிசையில் வந்து நிற்கும். யு.பி.எஸ்.-இலிருந்து பி.எல்.சி.-க்கு (பேனலை நடத்தும் சிறு கணினி) வரும் சப்ளையும் அப்படித்தான்.

வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்) தனிக்கதை. 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தில் ஓடும் டிரைவின் உள்ளே டி.சி. பக்கம் சுமார் 587 வோல்ட் இருக்கும். தொழிற்கூடத்தில் ஓட்டிப் பார்த்தபின் ஆஃப் செய்து உடனே மூடியைக் கழற்றினால் கெபாசிட்டர் அதைப் பிடித்துவைத்திருக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் டிரைவின் மேலேயே எழுதியிருப்பார். அவ்வளவு நேரம் காத்திருந்து, பிறகு மீட்டரால் பார்த்துத்தான் தொட வேண்டும்.

இத்தனையும் இருக்க, தாளின் தலைப்பில் ‘மின்னில்லா’ என்று அச்சிட்டால் நாம் ஒரு வாக்குறுதி கொடுத்தவர்கள் ஆகிறோம். தலைப்பை நம்பி ஒருவர் கை வைப்பார். பாதுகாப்புப் படிவத்தில் வரும் சொல், வேலையை எப்போது செய்ய வேண்டும் என்று சொல்லலாம். உள்ளே மின்சாரம் இல்லை என்று அது சொல்லக் கூடாது. மின்சாரம் இல்லை என்பதை மீட்டர் சொல்ல வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: மின்விடுமுன் ஆய்வு.

‘தண்ணி விடு’, ‘கரண்ட் விடு’ என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்கிறோம். ‘வருமுன் காப்போம்’ என்பது எல்லார் காதுக்கும் பழகிய அமைப்பு. வரும் முன் வருமுன் ஆனதுபோல, விடும் முன் விடுமுன் ஆகிறது. இலக்கணமும் இடிக்கவில்லை, தளத்தில் சொல்லிப் புரியவைக்க வேண்டியதும் இல்லை.

இதனுள் முதல் படிக்கு ஒரு துணைச்சொல் வேண்டும்: மின்னின்மை உறுதி. மீட்டரை முதலில் உயிருள்ள இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது, பிறகு நம் பேனலில் ஃபேஸுக்கு ஃபேஸ், ஃபேஸுக்கு எர்த், நியூட்ரலுக்கு எர்த் என ஒவ்வொன்றாகப் பார்ப்பது, திரும்பவும் உயிருள்ள இடத்தில் வைத்து மீட்டர் இடையில் பழுதாகவில்லை என்று உறுதி செய்வது. மூன்றும் சேர்ந்தால்தான் மின்னின்மை உறுதி. கடைசிப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1989-இல் விதியாகவே வந்த லாக்அவுட் டேக்அவுட்டை ‘பூட்டும் அட்டையும்’ என்று எளிமையாகச் சொல்லிவிடலாம். ஸ்விட்சில் பூட்டு, பூட்டில் பெயர் எழுதிய அட்டை, சாவி வேலை செய்பவரின் பையில்.

சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். லாரியில் குலுங்கி வந்த பேனலில் டெர்மினல் திருகுகள் தளர்ந்திருக்கும். பஸ்பார் (மின்சாரம் பாயும் உலோகப் பட்டை) போல்ட் உட்பட எல்லாவற்றையும் தயாரிப்பாளர் சொன்ன டார்க் (முறுக்கும் விசை) அளவுக்கு முறுக்க வேண்டும். கைக்கணக்கு உதவாது. அதிகம் முறுக்கினாலும் கெடுதல்தான். பயணத்துக்காக ரிலேயிலும் கான்டாக்டரிலும் (மோட்டாருக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் காந்த ஸ்விட்ச்) சொருகிய அட்டைத்துண்டுகளை எடுக்க வேண்டும். கேபிளுக்காகத் தளத்தில் கிளாண்டு பிளேட்டைத் (கேபிள் நுழையும் தகடு) துளையிட்டிருந்தால் இரும்புப் பிசிறு உள்ளே விழுந்திருக்கும். அதை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஏர் அடித்தால் பிசிறு இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். கான்டாக்டரைக் கையால் அழுத்தி, தடையின்றிப் போய்த் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் சுற்றும் மோட்டார் என்றால் இரண்டு கான்டாக்டரையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்த்தால் இயந்திர இன்டர்லாக் தடுக்க வேண்டும். கான்டாக்டில் கறுப்பு தெரிகிறதே என்று அரம் போடக் கூடாது. அது வெள்ளிக் கலவை, லேசான கறுப்பால் அதற்குக் கெடுதல் இல்லை, அரம் போட்டால்தான் தேய்ந்து போகும். அதிகக் கரண்ட் எடுத்தால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயை மோட்டார் தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியருக்கு வைக்க வேண்டும்.

கடைசியில் மெகர், அதாவது வயர்களின் இன்சுலேஷன் எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் கருவி. 415 வோல்ட் சர்க்யூட்டுக்கு 500 வோல்ட் டி.சி., குறைந்தது 1 மெகாஓம் வர வேண்டும். புதுப் பேனலில் அதைவிடப் பல மடங்கு வரும். வராவிட்டால் ஈரமா, வயர் எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று தேட வேண்டும். மெகர் போடுமுன் டிரைவ், பி.எல்.சி., மின்னணு மீட்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். அந்த 500 வோல்ட்டே அவற்றைக் கொன்றுவிடும்.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

———

மதுரையிலிருந்து ஒரு மறுமொழி:

அண்ணா, ‘மின்விடுமுன்’ எனக்கு முழுச் சம்மதம். ‘ஆய்வு’ மட்டும் உறுத்துகிறது. உயரழுத்த இணைப்பு உள்ள ஆலையில் மின்சாரம் விடுமுன் அரசு மின் ஆய்வாளர் வந்து பார்ப்பதும் ஆய்வுதான். நாளைக்கு ‘ஆய்வு முடிந்ததா?’ என்று மேலாளர் கேட்டால், எங்கள் பையன் தாளில் டிக் அடித்ததைச் சொல்கிறாரா, அரசு அனுமதியைச் சொல்கிறாரா என்று குழப்பம் வரும். சட்டப்படி அவை வேறு வேறு. ‘சரிபார்ப்பு’ என்று வைத்தால் என்ன? ‘டைட்டா இருக்கா, சரிபார்த்தியா?’ என்று தளத்தில் கேட்பதும் அதுதானே.

———

என் பதில்:

சரிபார்ப்பு பொருத்தமாக இருக்கிறது, தங்கச்சி. எனக்கு ஒரே ஒரு தயக்கம்தான் இருந்தது. சரிபார்ப்பு என்றால் கண்ணால் பார்ப்பதோடு நின்றுவிடுமோ, முறுக்குவதும் துடைப்பதும் விட்டுப்போகுமோ என்று யோசித்தேன். ஆனால் நீங்கள் காட்டிய குழப்பம் அதைவிடப் பெரியது. அரசு அனுமதி வந்துவிட்டதாக நினைத்து ஒருவர் மெயினைப் போட்டால் ஆளுக்கும் ஆபத்து, சட்டத்துக்கும் விரோதம். முறுக்குவதையும் துடைப்பதையும் தாளில் தனி வரிகளாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்துக்கு இடம் விட்டுவிடுகிறேன்.

ஆக, மின்விடுமுன் சரிபார்ப்பு, அதன் முதல் படி மின்னின்மை உறுதி, அது முடிந்து மெயின் போட்ட பிறகு வெள்ளோட்டம். வேறு யாருக்கும் மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள். டார்க்குக்கு முறுக்குவிசை என்றே வைத்துக்கொள்கிறேன். ஸ்பேஸ் ஹீட்டருக்கு ‘ஈரங்காப்பி’ என்று வந்த பரிந்துரையைத் தனி இழையில் பேசலாம்.