ரிஃப்ளெக்சிவிட்டிக்கு "தன்னிலை ஆய்வு": என் பரிந்துரை

எல்லாருக்கும் வணக்கம். ஆய்வு முறை வகுப்புல ரிஃப்ளெக்சிவிட்டிங்கிறதுக்கு (reflexivity) தமிழ்ல என்ன சொல்லலாம்னு இந்த இழைல பேசிட்டிருக்கோம். "பிரதிபலிப்பு" வேணாம்னு சொன்னவங்க பக்கம்தான் நானும், அதைப் படிச்சா எதையோ அப்படியே திருப்பிக் காட்டுறதுன்னுதான் தோணும். ஆனா இந்த இழைல ரெண்டு கருத்து ஒண்ணா கலந்து ஓடிட்டிருக்கு, முதல்ல அதைப் பிரிக்கணும். ரிஃப்ளெக்‌ஷன்ங்கிறது செஞ்ச வேலையைத் திரும்ப யோசிக்கிறது, 1983-ல தொழில்முறைக் கற்றலை ஆராய்ஞ்ச டொனால்ட் ஷோன், வேலைக்கு நடுவுலயே யோசிக்கிறது, முடிஞ்சப்புறம் யோசிக்கிறதுன்னு ரெண்டு வகை சொன்னாரே, அது. அதுக்கு மீள்சிந்தனை போதும்.

ரிஃப்ளெக்சிவிட்டி வேற. ஆய்வாளரோட பின்னணி, நம்பிக்கை, அந்த இடத்துல அவருக்கு இருக்குற அதிகாரம் எல்லாம் சேர்ந்து டேட்டாவை எப்படி உருவாக்குச்சுன்னு தேடுறது அது. இங்க நாம எந்தச் சொல்லைக் கொடுக்குறோமோ அதைத்தான் மாணவர்கள் எழுதுவாங்க. "சுயவிமர்சனம்"னு கேட்டா "கேள்விகளை இன்னும் தெளிவா கேட்டிருக்கலாம்"னு குறைகளை வரிசையா அடுக்குவாங்க, "அகநோக்கு"ன்னா அன்னைக்கு மனசு எப்படி இருந்துச்சுன்னு ஒரு பக்கம் வரும், ரெண்டுலயும் டேட்டா எங்கயும் வராது.

வகுப்புல காட்டுறதுக்கு பேட்டியை எழுத்தாக்கின டிரான்ஸ்கிரிப்ட்ல ஒரு துண்டு. பேசுறவர் "அப்போ ரொம்ப கஷ்டமா இருந்துச்சு..."ன்னு நிறுத்துறார். இன்டர்வியூ எடுக்குறவருக்கு அந்த மௌனம் தாங்கல, உடனே "கோவம் வந்திருக்குமே?"ங்கிறார். "ம்ம், ஆமா". அப்புறம் கோடிங்ல (பேட்டியைத் துண்டு துண்டாப் பிரிச்சுப் பேர் வைக்கிற வேலை) அந்த இடத்துக்கு "கோபம்"னு பேர் விழுது. அந்தக் கோபம் யாரோடது? மெமோல, அதாவது ஆய்வு நடக்கும்போதே ஆய்வாளர் எழுதுற குறிப்புல, இந்தக் கேள்விக்குப் பதில் எழுதவைக்கணும், "நான் நடுநிலையா இருந்தேன்"னு ஒரு வரி எழுதிட்டு நகர விடக்கூடாது. கல்வி ஆய்வாளர் ஆலன் பெஷ்கின் 1988 கட்டுரைல, ஒரு உயர்நிலைப் பள்ளியை ஆராய்ஞ்சப்போ தனக்குள்ள தலைதூக்கின "நான்"களை ஆறா பிரிச்சு பேர் வச்சார், நீதி தேடுற நான் அதுல ஒண்ணு. களத்துல இருக்கும்போதே தன்னைக் கவனிச்சுக் குறிச்சார்ங்கிறதுதான் நமக்கு முக்கியம், அறிக்கை எழுதுறப்போ உக்காந்து நெனச்சுப் பாத்தா இதெல்லாம் கிடைக்காது.

அதனாலதான் "தன்னிலை ஆய்வு"ங்கிறேன். தன்னிலைன்னா நான் நிக்கிற இடமும் வரும், "நான்"ங்கிறதும் வரும், ஆய்வுன்னு சேர்த்ததால தன்னையும் டேட்டா மாதிரியே கேள்வி கேக்கணும்ங்கிறது புரியும். தன்னிலைக் குறிப்பேடு, தன்னிலைக் கேள்விகள்னு நீட்டவும் வசதி. இலக்கண நூல்ல தன்மை, முன்னிலைன்னு வர்றதோட குழம்பும்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க, அங்க இருக்குறது தன்மைதானே, மோதாதுன்னு நெனைக்கிறேன்.

ஒரு இடத்துல மட்டும் இடிக்குது. பொசிஷனாலிட்டி ஸ்டேட்மென்டை, அதாவது ஆய்வாளர் தான் யாரு, எங்க நின்னு பாக்குறார்னு எழுதுற குறிப்பை, "தன்னிலை விளக்கம்"னு போட முடியாது, அது ஏற்கனவே குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்றதுன்னு ஆயிடுச்சு, மாணவர்களும் தற்காப்பாதான் எழுதுவாங்க. இப்போதைக்கு "நிலைப்பாட்டுக் குறிப்பு"ன்னு போடுறேன், ஆனா நிலைப்பாடுன்னா கொள்கை மாதிரி கேக்குது. இதைவிட நல்லதா யார்கிட்டயாவது இருந்தா எழுதுங்க.