குர்து அகதிப் பிள்ளைகளின் படத்துக்குத் தமிழ் வசன வரிகள்: உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். பாமன் கோபாடி இயக்கிய 'டர்டில்ஸ் கேன் ஃப்ளை' (2004) படத்தை எங்கள் ஊர் நூலகத்தில் திரையிட இருக்கிறோம். தமிழில் வசன வரிகள் எழுதும் வேலை என்னுடையது. பாதியில் நிற்கிறேன், கைகொடுங்கள்.

2003இல் அமெரிக்கப் படை ஈராக்கில் நுழைவதற்குச் சற்று முன், ஈராக்கின் துருக்கி எல்லையோரத்தில், குர்து இன மக்களின் அகதி முகாமில் நடக்கும் கதை. பிள்ளைகள் கண்ணிவெடிகளைத் தோண்டி விற்று வயிற்றைக் கழுவுகிறார்கள். இரு கைகளும் இல்லாத ஹெங்கோவ் மண்ணில் குப்புறப் படுத்து, வாயாலேயே வெடியைச் செயலிழக்கச் செய்கிறான். அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுகிறேன். நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர், அந்த மண்ணின் பிள்ளைகள்.

மூல மொழி குர்து. நான் ஆங்கில வரிகளை நம்பியே எழுதுகிறேன். ஆன்டெனா கட்டித்தரும் 'சேட்டலைட்' என்ற பையன் சிறுவர்களை அதட்டி வேலை வாங்குகிறான். அந்த அதட்டலில் பாசமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது சப்பென்று விழுகிறது. குர்து மொழி அறிந்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? பத்துப் பன்னிரண்டு இடங்களைக் கேட்டுச் சொன்னால் போதும்.

இன்னொன்று, ஆசிரியர்களுக்கு. படையினரின் வன்கொடுமைக்கு ஆளான சிறுமி அக்ரினின் முடிவு மிகக் கொடியது. 9ஆம் வகுப்புப் பிள்ளைகளும் வரக் கேட்கிறார்கள். அனுமதிக்கலாமா? அனுமதித்தால், முன்னதாக அவர்களிடம் எப்படிப் பேசுவது? ஈராக்கின் குர்து நகரமான ஹலப்ஜாவில் 1988இல் சதாம் உசேன் அரசு நடத்திய நச்சுவாயுத் தாக்குதல் பற்றித் தமிழில் படிக்கத்தக்க கட்டுரை இருந்தாலும் தெரிவியுங்கள். அச்சிட்டு வாசலில் கொடுக்க விரும்புகிறேன்.